பாயின் பெட்டியில் ஒரு புத்தகத்துக்குத்தான் இடம்

சென்னையில் ஒரு புத்தகக் கடைக்குள் நின்றபடி பாய் என்னை வீடியோவில் கூப்பிட்டபோது நான் அந்தமானில் கராச்சர்மா போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டிருந்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. ஒரு மீன் கூடைக்கும் ஒரு அம்மாளின் முழங்கைக்கும் நடுவே சொருகி வைக்கப்பட்டிருந்தேன்.

"ரெண்டும் இருக்குண்ணே," என்றார் பாய். திரையில் முதலில் அவர் காது தெரிந்தது, பிறகு கடையின் மின்விசிறி தெரிந்தது. போனை ஏதோ அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, சந்தையில் கோழி பார்ப்பவர் மாதிரி கைக்கு ஒன்றாக இரண்டு புத்தகங்களைத் தூக்கிக் காட்டினார். "இது டெஸ்டிங்கு. இது பில்டு டூல்ஸு. எது வேணும்னு சொல்லுங்க. கடய அடைக்கப் போறாங்க."

எது வேண்டும் என்று தெரிந்த மனிதனாக இருந்தால் ஐம்பது வயதில் எனக்கு எதற்குப் பாடப்புத்தகம்?

பாய் போர்ட் பிளேயரில் குடையும் பையும் பிளாஸ்டிக் வாளியும் விற்கிறவர். பூர்வீகம் இராமநாதபுரம் பக்கம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் என்னைப்போல இங்கேதான். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை சரக்கெடுக்க மெயின்லேண்ட், அதாவது கடல் தாண்டிச் சென்னைப் பக்கம், போவார். சரக்கு கப்பலில் வரும், பாய் விமானத்தில் வருவார். விமானத்தில் அவருக்குப் பதினைந்து கிலோ அனுமதி. அந்தப் பதினைந்து கிலோ பாயின் சொத்து அல்ல, ஊர்ப் பொதுச் சொத்து. ஒருவர் மெயின்லேண்ட் போகிறார் என்று தெரிந்தால் போதும், துக்க வீட்டுக்கு வருவதுபோல் ஆட்கள் அவர் வீட்டுக்கு வரிசையாக வந்துவிடுவார்கள். ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி, ஒருவருக்கு இங்கே கிடைக்காத மாத்திரை, ஒருவருக்கு எப்போதோ படித்து முடித்த கல்லூரியிலிருந்து வாங்காமல் விட்ட சான்றிதழ். இதில் அடிதடி வராமலிருக்க பாய் ஒரு சட்டம் வைத்திருந்தார்: ஒரு வீட்டுக்கு ஒரு சாமான். எங்கள் வீட்டுக்கு அந்த முறை வந்திருக்க வேண்டியது பழைய மிக்ஸிக்குப் பொருந்தும் ஒரு ஜார். என் மனைவி அதை எனக்காக விட்டுக்கொடுத்திருந்தார். விட்டுக்கொடுத்ததைத் தினமும் காலையில் பக்கத்து வீட்டு மிக்ஸியில் அரைக்கத் தேங்காயை எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு பார்வையால் நினைவூட்டுவார்.

ஆன்லைனில் வாங்கலாமே என்பீர்கள். எங்கள் பின்கோடைத் தட்டினால் 'இந்த இடத்துக்கு அனுப்ப இயலாது' என்று சிவப்பில் வரும். அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்ட ஒன்றிரண்டு பேரும் எப்போது என்று சொல்வதில்லை. கணினியிலேயே படிக்கலாமே என்பீர்கள். கடலுக்கடியில் கேபிள் வந்து நெட் நன்றாகத்தான் இருக்கிறது. என் கணினியில் இந்தத் துறை சம்பந்தமாக இறக்கி வைத்த புத்தகங்கள் ஒரு நூலகத்துக்குக் காணும். அவற்றில் ஒன்றைக்கூட நான் பன்னிரண்டாம் பக்கம் தாண்டியதில்லை. கையில் காகிதமும் பென்சிலும் இருந்தால்தான் எனக்குப் படிப்பு ஏறும். இப்போது ஏறியே ஆகவேண்டிய கட்டாயம் வந்திருந்தது.

விஷயம் இதுதான். தீவுகளுக்கிடையே படகு விடும் ஒரு தனியார் கம்பெனிக்கு டிக்கெட் போடும் மென்பொருளை எழுதியவன் நான். ஒற்றை ஆள். பதினான்கு வருடமாக அது ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்று நான் விசாரித்ததில்லை. விசாரித்தால் நின்றுவிடுமோ என்று பயம். போன மழைக்காலத்தில் கம்பெனி கை மாறியது. புதிய முதலாளிகளுக்குச் சென்னையில் கணினிப் பிரிவு உண்டு. அங்கிருந்து ஒரு பெண் மேனேஜர் பேசினார். குரலுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எனக்கு மகள் இல்லை, ஆகவே உறுதியாகச் சொல்ல முடியாது.

"ரெண்டே கேள்விதான் சார்," என்றார். "ஒரு மாற்றம் செஞ்சா அத எப்படி டெஸ்ட் பண்றீங்க? எப்படி பில்ட் பண்றீங்க? நான் நேர்ல வந்து ரெண்டு நாள் பாக்குறேன். சரியா இருந்தா வேலை உங்ககிட்டயே இருக்கும். இல்லன்னா எங்க டீம் எடுத்துக்கும். நீங்க கவலப்படாதீங்க, சென்னையில உங்களுக்கு ஒரு சீட் இருக்கு."

கவலைப்படாதீர்கள் என்று என்னிடம் யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்துதான் நான் ஆரம்பிப்பேன். மனைவிக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. வீடு இங்கே. சென்னையில் எனக்குச் சாலையைக் கடக்கவே தெரியாது. போன தடவை ஒரு டீக்கடைக்கு எதிர்ப்புறம் நின்று அரை மணி நேரம் பார்த்துவிட்டு டீ குடிக்காமலே திரும்பியவன்.

அந்த இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை என்பதில்லை. இருந்தது. வெளியில் சொல்லும்படி இல்லை.

டெஸ்டிங் விஷயம். மென்பொருளில் எதை மாற்றினாலும் உடனே என் மனைவி பெயரில் ஹட் பேக்கு ஒரு டிக்கெட் போடுவேன். எங்கள் படகு போகும் ஊர்களிலேயே தூரமானது ஹட் பேதான், அதில் ஓடினால் எதிலும் ஓடும் என்று ஒரு நம்பிக்கை. காலிப் படகில் முதல் ஆள் என்பதால் ஒன்றாம் நம்பர் இருக்கை வரும். டிக்கெட் அச்சாகி வந்தால் மென்பொருள் சுகம். பிறகு ரத்து செய்துவிடுவேன். கம்பெனிப் பதிவேட்டின்படி இந்தத் தீவுகளிலேயே அதிகமாகக் கடலில் அலைந்தவர் என் மனைவிதான். நிஜத்தில் அவருக்கு எதிரே கண்ணுக்குத் தெரியும் தீவுக்குப் போவதற்குள் வாந்தி வந்துவிடும். ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பெங்காலி நண்பர் ஒருநாள் மிகவும் அக்கறையாக, "பாபி கா மாய்கா ஹட் பே மே ஹை க்யா?" என்றார். அண்ணிக்குப் பிறந்த வீடு ஹட் பேயா என்கிறார். சிவகங்கைக்காரியை அவர் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "அடிக்கடி போறேன், வரவே மாட்டேங்கறேன். அவருக்கு என்ன தோணும்?" என்றார்.

ஒரு முறை ரத்து செய்ய மறந்துவிட்டேன். படகு நிரம்பிவிட்டது. ஹட் பேக்குப் போக வேண்டிய ஒரு பெரியவர் இடமில்லை என்று ஜெட்டியிலேயே நின்றுவிட்டார். என் மனைவியின் காலி இருக்கை மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டே ஹட் பே போய்ச் சேர்ந்தது. எதையும் வேடிக்கையாக்கிவிடுகிற எனக்கு இதை மட்டும் இன்னும் ஆக்கத் தெரியவில்லை.

பில்ட் விஷயம். எழுதிய நிரல்களையெல்லாம் ஒன்றுசேர்த்து, கவுண்டர் கணினியில் ஓடக்கூடிய ஒரே பொட்டலமாகக் கட்டுவதைத்தான் பில்ட் என்கிறார்கள். சென்னையில் இதை ஒரு கட்டளையில் செய்வார்களாம். நான் பதினேழு படிகளில் செய்வேன். என் வீட்டில் இருக்கும் ஒரு பழைய கணினியில் மட்டும்தான் அது நடக்கும். படிகளை ஒரு தாளில் எழுதி இரும்பு பீரோவின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். நாலாவது படி, ஒரு கோப்புறையின் பெயரை மாற்று. ஒன்பதாவது படி, சும்மா இரு. பதினேழாவது படி, பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜெட்டிக்குப் பேருந்து ஏறு.

ஆக, பேருந்தில் சொருகப்பட்டிருந்த என் முன்னால் இரண்டு புத்தகங்கள்.

"டெஸ்டிங்," என்றேன்.

"சரி," என்று பாய் மற்றதை வைக்கப் போனார்.

"இல்ல பாய், பில்டு."

பாய் கையைப் பாதியில் நிறுத்தினார். "அண்ணே, ரெண்டுல எந்தப் பரீட்ச உங்களுக்கு?"

"ரெண்டும்தான்."

"எதுல ஃபெயிலாவீங்க?"

"ரெண்டுலயும்."

"சரி, எதுல அசிங்கமா ஃபெயிலாவீங்க?"

இந்தக் கேள்வியை எந்தப் புத்தகமும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்தேன். பீரோவில் ஒட்டிய தாளை ஒரு இளம்பெண் நின்று படிப்பதை நினைத்தேன். ஜெட்டியில் நின்ற பெரியவரை நினைத்தேன். முழங்கை அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, ஆஸ்பத்திரி சமாச்சாரமா?" என்றார்.

"புத்தகம்மா. ரெண்டுல ஒண்ணு."

"அவ்வளவுதானா? கனம் கம்மியா இருக்கறத வாங்கச் சொல்லுங்க. தூக்கிட்டு வர்றவருக்குப் புண்ணியமாப் போகும்."

"டெஸ்டிங் பாய்," என்று நான் சொன்ன நேரம் பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கியது, படம் உறைந்தது. பாய் வாயைத் திறந்தபடி, இரண்டு கையிலும் புத்தகத்தோடு, கருடாழ்வார் மாதிரி அப்படியே நின்றார். நான் மறுபடி கூப்பிட்டேன். போகவில்லை. கராச்சர்மாவில் இறங்குவதற்குள் ஒன்பது தடவை முயன்றேன். அந்த ஒன்பதில் நாலு தடவை பில்டு என்று சொல்வதற்காக.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பாயிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. "வாங்கிட்டேன்ணே. எதுன்னு சொல்ல மாட்டேன். சொன்னா மாத்தச் சொல்லுவீங்க. நாலு நாள் நிம்மதியாத் தூங்குங்க."

நாலு நாளும் நான் பட்ட பாட்டை மனைவி பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு வேர்வையா? என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்குக்கூட உங்களுக்கு வேர்க்கலயே."

"அன்னிக்கு ஒரே பொண்ணுதான இருந்துச்சு. சாய்ஸ் இல்ல."

அன்று சாயங்காலம் எனக்குச் சட்னி இல்லை.

பாய் வந்து இறங்கிய மறுநாள் கடைக்குப் போனேன். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைப் பிரித்தால் டெஸ்டிங். எனக்கு முதலில் தோன்றியது, பில்டுதான் தேவைப்பட்டது என்பது. பில்டு வந்திருந்தால் என்ன தோன்றியிருக்கும் என்பதும் தெரியும்.

"நான் சொன்னது கேட்டுச்சா பாய்?"

"எது, டெஸ்டிங்கா பில்டா? கடைசியாச் சொன்னது ஒண்ணும் கேக்கல. நானேதான் எடுத்தேன். இதுதான் கனம் ஜாஸ்தி, ஆனா நின்னு நாலு பக்கம் பொரட்டுனேன். எங்க பாத்தாலும், எதையும் சரிபாக்காம நம்பாதேங்கிறாரு. எழுதுனவரு கட வச்சிருந்த ஆளு போலண்ணே. நம்பி வாங்கிட்டேன்."

மேனேஜர் வர இரண்டு வாரம் இருந்தது. பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் அத்தியாயம் அமிர்தம். சோதனை என்பது என்ன, ஏன் வேண்டும், செய்யாதவர்கள் எப்படிக் கெட்டார்கள். கெட்டவர்களின் கதை எல்லாமே என் வாழ்க்கை வரலாறாக இருந்ததால் விறுவிறுப்பாகப் போனது. இரண்டாம் அத்தியாயத்தில் ஆசிரியர் ஒரு வரியைச் சாதாரணமாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நீங்கள் ஒரே கட்டளையில் பில்ட் செய்கிறவர் என்று வைத்துக்கொள்வோம் என்கிற மாதிரி ஒரு வரி. வைத்துக்கொள்ள என்னிடம் எங்கே இருக்கிறது? அந்த வரிக்குப் பிறகு எல்லாப் பாடமும் அந்த ஒரே கட்டளையின் மேல்தான் ஏறி நின்றது.

ஓடிப்போய்க் கணினியில் அந்த மற்றப் புத்தகத்தைத் தேடினேன். மாதிரிக்கு ஒரு அத்தியாயம் இலவசமாகக் கிடைத்தது. பில்ட் முறையைச் சீர்செய்யத் தொடங்குமுன் உங்களிடம் நல்ல சோதனைகள் இருப்பது அவசியம் என்று அதில் இருந்தது. அரசாங்க அலுவலகத்தில் வேலையாகப் போனவர்களுக்கு இது புரியும். அந்தக் கவுண்டரில் கையெழுத்து வாங்கிட்டு வாங்க என்பார் இவர். இந்தக் கவுண்டரில் சீல் வாங்கிட்டு வாங்க என்பார் அவர். நடுவில் விண்ணப்பத்தோடு நிற்பவன் நான். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் மற்றதன் வாசலில்தான் கொண்டுவந்து விட்டிருக்கும். ஒன்பது தடவை போன் செய்ததை நினைத்து எனக்கே என்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

"மத்தத அடுத்த தடவ வாங்கிட்டு வர்றேன்," என்றார் பாய்.

"அடுத்த தடவை எப்ப?"

"நோம்பு முடிஞ்சு."

நோன்பு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஆனாலும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று, புத்தகத்தில் சொன்னபடி சின்னச் சின்னச் சோதனைகளை எழுத ஆரம்பித்தேன். பெயர் எழுதாமல் டிக்கெட் கேட்டால் மறுக்கிறதா? மறுத்தது. நேற்றைய தேதிக்குக் கேட்டால் மறுக்கிறதா? மறுத்தது. ஒவ்வொன்று தேறும்போதும் திரையில் பச்சை விழும். அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இத்தனை பச்சையை நான் பார்த்ததில்லை. தோற்கவே வழியில்லாத சோதனைகளாகத் தேடித் தேடி எழுதினேன். ஒன்றாம் நம்பர் இருக்கை ஒன்றாம் நம்பர் இருக்கைதானா என்றுகூட ஒன்று. அதுவும் தேறியது.

மேனேஜர் வந்தார். வெயிலுக்குத் தொப்பி, தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். நான் நினைத்ததைவிட இன்னும் சின்ன வயது. கணினி வீட்டில் இருப்பதால் அலுவலகமும் வீடுதான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் என் பச்சைகளை வரிசையாக ஓடவிட்டேன்.

"எல்லாம் பாஸ். நல்லாருக்கு சார்," என்றார். "படகு அன்னிக்குப் போகலன்னா என்ன ஆகும்? அதுக்கு எது டெஸ்ட்?"

"போகும் மேடம்," என்றேன்.

இப்படி ஒரு பதிலை வாழ்க்கையில் நான் எங்கிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை. வெளியே அப்போதே காற்று தென்னை மரங்களை உலுக்கிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார். நானும் மரியாதைக்காகப் பார்த்தேன்.

அரை மணி நேரத்தில் ஜெட்டியிலிருந்து பெங்காலி நண்பர் போன் செய்தார். கடல் சரியில்லை, இன்றைய ஹட் பே படகு ரத்து. எல்லோரையும் அடுத்த படகுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு. அதற்கென்று போன மாதம்தான் ஒரு பொத்தான் செய்து வைத்திருந்தேன். அதை அழுத்தியிருக்கிறார். "சப் கோ ஏக் நம்பர் சீட் தே தியா," என்றார். அவர் குரலில் கோபமே இல்லை, வியப்புதான் இருந்தது. எல்லோருக்கும் ஒன்றாம் நம்பர் இருக்கை. ஒரு படகு ஜனத்தையும் ஒரே இருக்கையில் உட்கார வைத்திருந்தது என் மென்பொருள்.

ஏன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. அந்தப் பொத்தானை நான் வழக்கம்போல் என் மனைவியை வைத்துத்தான் சோதித்திருந்தேன். ஒரே ஒரு பயணி. ஒன்றாம் நம்பரிலிருந்து ஒன்றாம் நம்பருக்கு மாறினார். எல்லாம் சரியாக இருந்தது. என் டெஸ்டிங் உலகத்தில் இரண்டாவது மனிதர் என்று ஒருவர் பிறந்ததே இல்லை.

"போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு சார்," என்றார் மேனேஜர் மெதுவாக.

திருத்தம் ஒரே ஒரு வரிதான். அதை எழுத இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு பதினேழு படிகள். மேனேஜர் எழுந்து போய் பீரோவில் ஒட்டிய தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். ஒன்பதாவது படிக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பதினோராவது படியில் கரண்ட் போனது.

கரண்ட் வரும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். என்ன பேசுவது? பக்கத்தில் சௌல்தாரி கிராமத்திலிருந்து நல்ல கத்தரிக்காய் வரும் என்று சொன்னேன். அப்படியா சார் என்றார். திரும்பக் கரண்ட் வந்தபோது பள்ளிக்கூடம் முடிந்து மனைவியும் வந்தார். கணினி பாதியில் அணைந்தால் முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் பீரோவுக்கும் கணினிக்கும் நடுவே ஓடுவதைப் பார்த்துவிட்டு மனைவி கைப்பையைக் கீழே வைக்காமலே பின்னால் நின்று படிகளைச் சொல்ல ஆரம்பித்தார், தாளைப் பார்க்காமல்.

"உங்களுக்கும் இது தெரியுமா மேடம்?" என்றார் மேனேஜர்.

"இவருக்குக் காய்ச்சல் வந்தா நான்தாம்மா செய்வேன். ஆறாவதுல மட்டும் கவனமா இருக்கணும், அது கேள்வி கேக்கும். எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லணும், கடைசிக்கு மட்டும் இல்லன்னு சொல்லணும்."

"கடைசியா என்ன கேக்குது?"

மனைவி என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன்.

"அத நாங்க படிச்சதில்ல," என்றார் மனைவி.

பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான் பேருந்து ஏற, மேனேஜரும் கூடவே ஏறினார். ஆட்டோ பிடிக்கலாமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, பதினேழாவது படியில் பேருந்து என்றுதான் இருக்கிறது. வழியெல்லாம் அவர் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குள்தான் மொத்த கம்பெனியும் இருந்தது.

ஜெட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டமே இல்லை. கவுண்டருக்கு முன்னால் ஒரு காலி அட்டைப் பெட்டி கிடந்தது. நண்பர் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வருவோம் என்று கொஞ்ச நேரம் பார்த்தாராம். பிறகு ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொருவர் டிக்கெட்டின் பின்புறத்திலும் பேனாவால் புது இருக்கை எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார். கைக்குழந்தைக்காரி ஜன்னல் ஓரம் கேட்டாள், கொடுத்தேன் என்றார். எல்லோரும் போய்விட்டார்கள். நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். பென் டிரைவ் பத்திரமாக இருந்தது. அதை இனி எதற்கு, யாரிடம் கொடுப்பது?

மேனேஜர் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார். என் பச்சைகளில் ஒன்றைக்கூட அவர் படம் எடுக்கவில்லை.

மறுநாள் நிரல் முழுவதையும் நகலெடுத்து, பீரோவில் ஒட்டிய தாளையும் படம் எடுத்துக்கொண்டு, மதிய விமானத்தில் அவர் கிளம்பினார். "நான் பாத்தத அப்படியே எழுதுவேன் சார்," என்றார். அப்படியே எழுதாதீர்கள் என்று கெஞ்ச வாய் வரை வந்தது. பத்திரமாகப் போய்ட்டு வாங்க என்று சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் ஒன்றும் வரவில்லை. அந்தப் பத்து நாளில் நான் சென்னையில் வாடகை வீடு பார்த்து, சாலையைக் கடக்கப் பழகி, ஒரு லாரியில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் மனைவி அழுவதுவரை எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அனுபவித்துவிட்டேன். பதினோராம் நாள் போன் வந்தது.

"பில்ட இங்க எடுத்துக்கிட்டோம் சார். ஒரே கமாண்ட்ல வருது, ரெண்டு நிமிஷம். பீரோல இருந்த தாள்தான் ரொம்ப உதவியா இருந்துச்சு."

"அந்தக் கடைசிக் கேள்வி?"

"பழைய பைல்ஸ எல்லாம் அழிச்சிடவான்னு கேக்குது சார்."

பதினான்கு வருடமாக 'இல்லை' என்று தட்டிய விரலைப் பார்த்துக்கொண்டேன்.

"நீங்க அங்கயே இருங்க," என்றார். "மூணு மாசம் பாப்போம். டெஸ்டிங் உங்களோடது. படகு விஷயத்துல என்னெல்லாம் தப்பாப் போகும்னு இங்க யாருக்கும் தெரியல. ஒரு லிஸ்ட் குடுங்க. மூணு மாசத்துல அது ஒழுங்கா வந்துச்சுன்னா வேலை அங்கயே. வரலன்னா, அப்பவும் அந்த சீட் இருக்கு."

தப்பாகப் போவதை யோசிப்பதென்றால் அது எனக்குப் பிறவித் தொழில். இரண்டு நாள் சோறு மறந்து எழுதினேன். எழுதி முடித்தபோது உடம்பே லேசாகிவிட்டது. இதற்காகத்தான் இத்தனை வருடம் பயந்தேனா என்றுகூட ஒரு கர்வம். அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

"சார், இதெல்லாம் டெஸ்ட் இல்ல. கவலை."

கூடவே ஒரு படிவம். மூன்று கட்டம். நிலைமை என்ன, என்ன செய்கிறோம், என்ன நடக்க வேண்டும். ஒவ்வொரு கவலையையும் இந்த மூன்றாகப் பிரித்து எழுதினால் அது டெஸ்ட் ஆகிவிடுமாம். புத்தகத்திலும் நாலாம் அத்தியாயத்தில் இதையேதான் சொல்லியிருந்தது. நான் இரண்டாம் அத்தியாயத்தோடு சண்டை போட்டுக்கொண்டு நின்றுவிட்டதால் அதுவரை போகவில்லை.

பட்டியலில் முதல் கவலையை எடுத்தேன். முதல் கட்டத்தில், ஹட் பே படகு ரத்து. அடுத்த படகிலும் இடமில்லை. அதற்கடுத்தது எப்போது என்று தெரியவில்லை. இரண்டாம் கட்டத்தில், பொத்தானை அழுத்துகிறோம். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. என்ன நடக்க வேண்டும்?

ஜெட்டிக்குப் போய் நண்பரைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "தேக்தே ஹை," என்றார். பார்க்கலாம். இந்தத் தீவுகளில் எல்லாக் கவுண்டரிலும் எல்லாக் காலத்திலும் சொல்லப்படும் பதில் அது, நான் பிறந்ததிலிருந்து கேட்டுவருவது. அதை மூன்றாவது கட்டத்தில் எழுத முடியாது. பார்க்கலாம் என்பது நடந்ததா இல்லையா என்று எந்தக் கணினி சொல்லும்?

வீட்டில் மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். திரையைத் திருப்பிக் காட்டினேன். "இந்த இடத்துல என்ன போடலாம்?"

படித்துப் பார்த்தார். சிவப்புப் பேனாவை மூடினார். "அதுவரைக்கும் அந்த ஜனங்க எங்க தங்குவாங்க?" என்றார்.

அதை அப்படியே மூன்றாவது கட்டத்தில் தட்டினேன். கேள்வியாக இருந்தால் ஏற்க மாட்டார்கள் என்று படிவத்தின் அடியில் எழுதியிருந்தது. அழித்தேன். மூன்று மாதத்தில் ஒரு வாரம் போயிருந்தது, மூன்றாவது கட்டம் இன்னும் காலி.